எஸ்பி 1996: குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

குழு: தாத்தா வீட்டு உறவுகள்

நிவி (9:04): கலா சித்தி, இந்தப் பையைப் பாருங்க. லூயி விட்டான் ஸ்பீடி 30, மோனோகிராம் (எல்வி எழுத்து அச்சு). ஜப்பான்ல ஒருத்தர் விக்கிறார், 450 சிங்கப்பூர் வெள்ளி. "உள்ளே எஸ்பி 1996 என்று இருக்கிறது, 1996இல் செய்தது"னு போட்டிருக்கு. வாங்கலாமா?

கலா சித்தி (9:11): அந்தத் தேதிக் கோடே (பட்டறையையும் செஞ்ச காலத்தையும் சொல்ற எழுத்தும் எண்ணும்) இடிக்குதே நிவி. 1990லேர்ந்து 2006 வரைக்கும் ரெண்டு எழுத்து, நாலு எண். முதல் எண்ணும் மூணாவதும் சேர்ந்தா மாசம். ரெண்டாவதும் நாலாவதும் சேர்ந்தா வருஷம். 1996ஐ அப்படிப் பிரிச்சுப் பாரு. வருஷம் 96 சரி, மாசம் 19ன்னு வருது.

நிவி (9:12): 19வது வாரமா இருக்கலாமே?

கலா சித்தி (9:15): வாரக் கணக்கு 2007லதான் ஆரம்பிச்சது. எஸ்பி 3138னா 2018, 33வது வாரம். 96 ஜூலையில செஞ்ச பையில எஸ்பி 0976னு இருக்கும். போலி செய்றவங்க வருஷத்தை அப்படியே நேரா அச்சடிச்சிடுவாங்க, அங்கதான் மாட்டிக்கிறாங்க. ஒருவேளை விக்கிறவர் தப்பா டைப் பண்ணியிருக்கலாம். கோட் இருக்கிற தோல் துண்டைக் கிட்டத்துல படம் எடுத்து அனுப்பச் சொல்லு.

நிவி (10:02): அனுப்பிட்டார். படத்துலயும் 1996தான்.

கலா சித்தி (10:03): விட்டுடு.

கலா சித்தி (10:07): இன்னொண்ணு தெரிஞ்சுக்கோ. கோட் சரியா இருந்தா மட்டும் பை அசல்னு ஆயிடாது. அது வரிசை எண் இல்ல. ஒரே மாசம் ஒரே பட்டறையில செஞ்ச எல்லாப் பைக்கும் ஒரே கோட்தான், அதைக் காப்பி அடிக்கிறது சுலபம். தப்பைப் பிடிக்கத்தான் அது உதவும். 2021லேர்ந்து கோடும் கிடையாது, உள்ள சிப் வெக்கிறாங்க. அதனால 2023 பைன்னு சொல்லி யாராவது கோட் காட்டினா அதுவும் தப்பு.

நிவி (10:31): சரி சித்தி. வேற ஒண்ணு கிடைச்சிருக்கு. இது ஜப்பான்ல ஒரு கடை, தனி ஆள் இல்ல. விஐ 0955, மேட் இன் பிரான்ஸ். தரம் 'ஏபி'. 520 வெள்ளி.

கலா சித்தி (10:36): 95 மே. விஐ பிரான்ஸ் பட்டறைதான், முத்திரையும் பிரான்ஸ், பொருந்துது. இதே இடத்துல சிஏ இருந்தா அது ஸ்பெயின், அப்ப மேட் இன் பிரான்ஸ்னு முத்திரை இருக்கக் கூடாது. கடையா இருக்கிறதும் நல்லது. அங்க பழைய பொருள் வியாபாரத்துக்கு போலீஸ் துறை மூலமா உரிமம் வாங்கணும், அந்த உரிம எண் கடைப் பக்கத்துல கீழ போட்டிருக்கும், பாரு.

கலா சித்தி (10:38): 'ஏபி'ன்னா உபயோகிச்ச தடம் தெரியும், ஆனா நல்லா இருக்குன்னு சொல்றாங்க. ஒரு கடையோட 'ஏபி' இன்னொரு கடையில 'பி'. எழுத்தை விட்டுட்டுப் படத்தைப் பாரு. முன்பக்கம், பின்பக்கம் ரெண்டையும் போடு.

நிவி (10:41): போட்டுட்டேன். சித்தி, பின்பக்கத்துல எல்வி எழுத்தெல்லாம் தலைகீழா இருக்கே?

கலா சித்தி (10:43): அப்படித்தான் இருக்கணும். ஸ்பீடிக்கு கான்வாஸ் ஒரே துண்டு. முன்பக்கத்துலேர்ந்து அடி வழியா சுத்திப் பின்பக்கம் ஏறுது, அடியில தையல் கிடையாது. ரெண்டு பக்கமும் எழுத்து நேரா இருக்கிற மோனோகிராம் ஸ்பீடியைத்தான் சந்தேகப்படணும்.

முரளி மாமா (10:52): நிவி, மாடல் சரியா தப்பான்னு கலா பார்த்துக்குவா. தோல் உயிரோட இருக்கான்னு நான் சொல்றேன். அந்தப் பையில நிஜத் தோல் கைப்பிடியும் ஓரமும் மட்டும்தான். உடம்பு பருத்தித் துணி மேல பிவிசி பூச்சு. கைப்பிடித் தோலுக்கு சாயம், பூச்சு எதுவும் கிடையாது, வாச்செட்டான்னு சொல்லுவாங்க. புதுசுல சந்தன நிறம். கை எண்ணெயும் வெயிலும் பட்டுத் தேன் நிறமாகும். 30 வருஷப் பையில அது வெள்ளையா இருந்தா, மாத்தியிருக்காங்க இல்ல வெளுக்க வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். கேளு.

முரளி மாமா (10:58): கைப்பிடி பித்தளை வளையத்தைச் சுத்தி மடியற இடத்தை மட்டும் தனியா கிட்டத்துல எடுத்துத் தரச் சொல்லு, ரெண்டு கைப்பிடி, நாலு முனை. பை தூக்கும்போது எடை முழுக்க அங்கதான் விழுது. தோல் காஞ்சிருந்தா மடிப்புக்குக் குறுக்கே மயிரிழை மாதிரி கோடு ஓடும், கோட்டுக்குள்ள நிறம் வெளிறித் தெரியும். அந்தக் கோட்டை எந்தக் கிரீமும் ஒட்டாது, கைப்பிடியையே மாத்தணும். கறுப்பா இருக்கிறது பரவாயில்ல, அது அழுக்கும் எண்ணெயும். வெடிப்புதான் பிரச்சினை.

முரளி மாமா (11:01): அடுத்தது அடிமூலை நாலும், ஜிப் ரெண்டு முனையும். பிவிசியை வளையவெக்கிற பொருள் வருஷக் கணக்குல போயிடும். பூச்சு விறைச்சு மடிப்புல உடையும். கீழ துணி தெரிஞ்சா அதோட முடிஞ்சது, ஒட்டுப் போட முடியாது.

நிவி (11:20): கேட்டிருக்கேன் மாமா. அதே கடையில பக்கெட் மாடல் ஒண்ணு 380தான். அது இன்னும் அழகா இருக்கு.

கலா சித்தி (11:24): வேண்டாம். ஸ்பீடிக்கு உள்ள பழுப்புத் துணி, ஒண்ணும் ஆகாது. அந்தக் காலத்து பக்கெட்ல உள்ள செயற்கைப் பூச்சு. அது காத்து ஈரத்துல சிதைஞ்சு முதல்ல பிசுபிசுன்னு ஆகும், அப்புறம் கறுப்புத் துகளா உரிஞ்சு பர்ஸ்ல, கைக்குட்டையில ஒட்டும். சிங்கப்பூர் ஈரத்துக்கு ரெண்டு வருஷம்கூடத் தாங்காம போகலாம். "உள் பாக்கெட் ஒட்டுதா, உரியுதா"ன்னு இந்த வயசுப் பை எதுக்கும் கேக்கணும். உள்துணியை முழுசா மாத்த ஆகுற காசு பை விலையைத் தொட்டுடும்.

பெரியம்மா (11:30): 500 வெள்ளி போட்டுப் பழைய பையா? கொறைஞ்ச விலையில நல்லதா ஒண்ணும் கிடைக்காதா முரளி?

முரளி மாமா (11:41): கிடைக்கும் அக்கா. கோச்னு ஒரு பை பிராண்ட். 1941ல நியூயார்க்ல ஆரம்பிச்சது. 80, 90கள்ல செஞ்ச பையெல்லாம் கெட்டி மாட்டுத்தோல், பெரும்பாலும் உள்துணியே கிடையாது, சிதைய ஒண்ணுமில்ல. பூட்டு, வளையம் எல்லாம் பித்தளை. 1994லேர்ந்து உள்ள அச்சடிச்ச கோடை நேரா படிக்கலாம். டி7சி-9927னா டி ஏப்ரல், 7ன்னா 97, 9927 மாடல் எண். 9927ன்னா 'வில்லிஸ்'ங்கிற மாடல். மாடல் எண்ணைத் தேடிப் பாத்து, வர்ற படமும் விக்கிற பையும் ஒண்ணான்னு பாத்தாலே பாதி போலி கழண்டுடும்.

முரளி மாமா (11:49): அழுக்கா இருந்தாலும் பயப்பட வேண்டாம், உள்துணி இல்லாத பழைய கோச்சைத் தண்ணியில அலசலாம். முதல்ல நனைஞ்ச வெள்ளைத் துணியால அடியில தேச்சுப் பாக்கணும். சாயம் ஏறுச்சுன்னா, குறிப்பா சிவப்புல, முக்கக் கூடாது. ஏறலைன்னா பித்தளையை முன்னாடியே பிராசோ (பித்தளை பாலிஷ்) போட்டுத் துடைச்சுட்டு, வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற சோப் சில சொட்டு விட்டு, மெதுவா அலசி, நல்ல தண்ணியில ரெண்டு தரம் எடுக்கணும். உள்ள துண்டு அடைச்சு நிழல்ல ரெண்டு மூணு நாள். ஹேர் டிரையர் காட்டினா தோல் சுருங்கி விறைச்சுப் போகும். லேசா ஈரம் இருக்கும்போதே தோலுக்கான கண்டிஷனர் மெல்லிசா தடவணும். இதையெல்லாம் லூயி விட்டான் கைப்பிடிக்கோ, ஆட்டுத்தோல் ஷனேல் பைக்கோ செய்யக் கூடாது நிவி. வாச்செட்டாவுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலே வட்டமா கறை நிக்கும்.

பெரியம்மா (12:05): ஆனந்தி, தம்பி எடின்பரோ போறான்ல, அவனுக்குப் பழைய பர்பெரி மழைக்கோட் வாங்கலாம்கிறான். நீ பாத்துச் சொல்லும்மா.

ஆனந்தி அண்ணி (லண்டன்) (4:10): இங்க காலையில இப்பதான் எழுந்தேன் பெரியம்மா. லேபிள்ல 'பர்பெரிஸ்'னு கடைசியில எஸ் இருந்தா 1999க்கு முந்தினது, அந்தக் கோட்தான் கெட்டி. லேபிள் அளவை நம்ப வேணாம், அப்பத்திய அளவும் இப்பத்தியதும் ஒண்ணில்ல. கோட்டைத் தரையில விரிச்சு, பட்டன் போட்டு, அக்குளுக்கு அக்குள் எத்தனை செ.மீ.னு கேக்கச் சொல்லுங்க. 55ன்னா சுத்தளவு 110. தம்பி மார்பு 92னு வெச்சாக்கூட உள்ள ஸ்வெட்டர் போட இடம் இருக்கும்.

ஆனந்தி அண்ணி (4:14): நிறைய ட்ரெஞ்ச் கோட்ல கை கழுத்துலேர்ந்தே இறங்கும், தோள் தையலே இருக்காது. அதுக்குத் தோள் அளவு கேட்டா விக்கிறவங்க எதையோ சொல்லிடுவாங்க. பின்கழுத்து நடுவுலேர்ந்து கை நுனி வரைக்கும் கேக்கணும். அப்புறம் அக்குள் பக்கம் உள்துணி கிழிஞ்சிருக்கா, கழுத்துப் பட்டி மடிப்பு வெளுத்திருக்கா, ரெண்டுக்கும் படம். கழட்டி மாட்டுற கம்பளி லைனிங் இருந்தா வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு எடுக்கச் சொல்லணும், அந்துப்பூச்சி ஓட்டை அப்பதான் தெரியும்.

நிவி (4:32): கடைக்காரர் நாலு முனையும் அனுப்பிட்டார் மாமா. இதோ.

முரளி மாமா (4:40): நிறம் அடர்த்தி, வெடிப்பு இல்ல. மூணாவது படத்துல ஒரு தையல் அறுந்திருக்கு, நாலஞ்சு தையல் போட்டா சரியாயிடும். மூலை நல்லா இருக்கு. வாங்கலாம்.

கலா சித்தி (4:44): எனக்கும் சரிதான். காசை அந்தக் கடை விக்கிற இணையதளம் வழியாவே கட்டு. "நேரா பேங்க்ல போடுங்க, குறைச்சுத் தரேன்"னு யார் சொன்னாலும் வேண்டாம், அப்புறம் திருப்பிக் கேக்க வழியிருக்காது. 520ஓட அனுப்பும் செலவு 40, மொத்தம் 560. அதுக்கு 9% ஜிஎஸ்டி 50.40. கையில 610.40 வெள்ளி வெச்சுக்கோ. கைப்பைக்குச் சுங்க வரி தனியா கிடையாது.

நிவி (4:47): அதே கடையில முதலைத்தோல் பை ஒண்ணு ரொம்ப மலிவா இருக்கு சித்தி...

கலா சித்தி (4:48): தொடாதே. முதலை, மலைப்பாம்பு, உடும்பு எல்லாத்துக்கும் சைட்டீஸ் (அழியுற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தம்) அனுமதிச் சீட்டு வேணும். பழசுங்கிறதால சலுகைன்னு நம்பி இறக்கினா பறிமுதல் பண்ணிடுவாங்க.

நிவி (5:02): ஆர்டர் போட்டாச்சு! 🙏

முரளி மாமா (5:06): பெட்டியைப் பிரிக்கறதுலேர்ந்து வெட்டாம வீடியோ எடு. அன்னிக்கே தேதிக் கோட், ஜிப், நாலு முனையையும் படத்தோட ஒப்பிட்டுப் பாரு, திருப்பி அனுப்புற நாள் பார்சல் கைக்கு வந்த அன்னிலேர்ந்துதான் ஓடும். அந்துருண்டை வாடை இருந்தா ஃபேன் காத்துல நாலு நாள் திறந்து வை, உள்ள ஒரு கிண்ணத்துல சோடா மாவு. வடிவம் நிக்கப் பழைய வெள்ளைப் பருத்தி பனியன் அடைச்சு வை. செய்தித்தாள் வேண்டாம், இந்த ஈரத்துக்கு மை உள்துணியில ஏறிடும்.