புதுப்பிப்பு: அப்பாவின் ரேடியோவுக்கு சார்ஜ் செல் போட்டாச்சு

அப்பாவின் சின்ன ரேடியோவில் போடும் இரண்டு ஏஏ செல்லும் பத்தே நாளில் தீர்ந்துபோகின்றன, சார்ஜ் செய்யும் செல்லுக்கு மாறலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மாறிவிட்டோம். 2000 எம்ஏஎச் (செல் எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற அளவு) நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற சார்ஜ் செய்யும் வகை செல் நான்கு வாங்கினேன். தினமும் மூன்று மணி நேரம் கேட்கிறார், மூன்று வாரம் தாங்குகிறது.

முதல் நாளே பேட்டரி குறைவு என்று சிவப்பு விளக்கு எரிந்தது. "ஏமாத்திட்டானாப்பா?" என்று அப்பா பதறிவிட்டார். செல்லில் குறை இல்லை. சாதாரண செல் 1.5 வோல்ட், இது 1.2. இரண்டு சேரும்போது 3 வோல்ட்டுக்குப் பதில் 2.4தான் வரும், அதைப் பார்த்து ரேடியோ தப்பாகக் கணக்குப் போடுகிறது. ஆனால் சார்ஜ் செய்ய முடியாத சாதாரண வகையான அல்கலைன் செல்லில் வோல்ட் ஆரம்பத்திலிருந்தே சரிந்துகொண்டு வரும். இது 1.2ஐ ஒட்டியே நெடுநேரம் நின்று, கடைசியில் சட்டென்று விழும். அதனால் அந்த விளக்கை நம்பாதீர்கள், ஒலி கம்மும்போது மாற்றினால் போதும்.

வாங்கும்போது சும்மா இருந்தாலும் சார்ஜ் எளிதில் இறங்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். பழைய வகை அலமாரியில் கிடந்தே காலியாகிவிடும்.

சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சாதாரண செல்லையே விட்டுவிட்டேன். அவை இழுக்கும் மின்சாரம் மிகக் கொஞ்சம்.

அப்புறம், டார்ச்சில் மறந்துபோன அல்கலைன் செல் கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தது. எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன், நுரைத்துக் கரைந்தது. நன்றாகக் காயவைத்துப் புது செல் போட்டதும் எரிந்துவிட்டது.