பனிமலைக்குப் போறவை: ஜக்கெட்டுக்கு முதல் சரிவைப் பாருங்கோ

வெள்ளவத்தை நடையன்:
டிசம்பர் லீவுக்கு நேபாளம், காஷ்மீர், சுவிஸ் என்று கொழும்பிலிருந்து வெளிக்கிடுறவை கேட்கிறது எல்லாம் ஜக்கெட் பற்றித்தான். பனிச்சரிவில் மாட்டாமல் இருக்க, போற மலைச்சரிவு எத்தனை பாகை என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை.

மண்சரிவு எங்களுக்குப் பழக்கம். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள் எச்சரிக்கை வரும். பனிக்கு அந்தக் கணக்குச் சரிவராது. 30 சென்டிமீற்றர் புதுப்பனி என்பது உருகினால் ஏறக்குறைய 30 மில்லிமீற்றர் தண்ணீர். கொழும்பில் அது ஒரு பின்னேர மழை. மலையில் அது ஒரே நாளில் விழுந்து காற்றும் அடித்தால், செங்குத்தான பக்கம் போகவே கூடாது. இன்னொன்று, மண்ணை மழை இறக்கும். ஆட்களைக் கொல்கிற பனிப்பாளத்தைப் பெரும்பாலும் அதில் கால் வைத்தவரோ கூட வந்தவரோதான் கழற்றி விடுகினம். அடியில் சீனி மாதிரி ஒட்டாத பனி, மேலே இறுகின பாளம். ஓராளின் பாரம் போதும்.

பாளம் கழருவது அநேகமாக 30 முதல் 45 பாகைச் சரிவில். கண் பழக, ஆபத்தில்லாத சின்னத் திட்டியில் அளந்து பாருங்கோ: ஒரே நீளமான இரண்டு நடைத்தடி, ஒன்றை நிமிர்த்திக் குத்துங்கோ. மற்றதை மட்டமாகப் பிடித்து, ஒரு நுனியை மேட்டுப்பக்கப் பனியில் தொடவிட்டு, மறுநுனி குத்தின தடியில் எங்கே முட்டுது என்று பாருங்கோ. பாதி உயரத்தில் என்றால் 27 பாகை, உச்சியில் என்றால் 45.

கொட்டாஞ்சேனை:
நிற்கிற இடம் மட்டமாக இருந்தாலும் மேலே தொங்குறதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கோணும். அன்னபூர்ணா அடிவார முகாம் பாதையில் ஹின்கு குகைக்கும் தேவராலிக்கும் நடுவில் காலடியில் பனியே இராது, வாறது கண்ணுக்குத் தெரியாத உச்சியிலிருந்து. 2020 ஜனவரி 17இல் அந்தப் பகுதியில் 4 கொரியரும் 3 நேபாளிகளும் அள்ளுண்டு போச்சினம். அங்கே விடியக் கடக்கோணும், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு. நடுவில் நின்று படம் எடுக்கிறது சுத்த விசர்.

வங்காள விரிகுடாவில் புயல் என்றால் எங்கட கரைக்கு வராட்டி நிம்மதி என்று விடுகிறோம். 2014 ஒக்டோபர் 12இல் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட், இரண்டு நாளில் நேபாளத்தின் தொரோங் லா கணவாயில் பனிப்புயலாகக் கொட்டி, அந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் பலி எடுத்தது. ஒக்டோபரில் நேபாளத்தில் நிற்கிறவை விரிகுடாவையும் பார்க்கோணும். வானம் வெளித்த முதல் நாள் ஆசைகாட்டும். ஒன்றிரண்டு நாள் விடுதியில் இருங்கோ.

பம்பலப்பிட்டி தங்கச்சி:
அண்ணா, சுவிஸில் பனிச்சரிவு எச்சரிக்கை 3 என்றால் ஐந்தில் நடுத்தரம்தானே?

வெள்ளவத்தை நடையன்:
இல்லைத் தங்கச்சி, பரீட்சைப் புள்ளி மாதிரி எண்ணக் கூடாது. அங்கே பனிச்சரிவுச் சாவுகளில் ஏறக்குறையப் பாதி 3இல்தான். 4, 5 என்றால் ஆட்கள் தாங்களாகவே வீட்டில் நிற்பினம். 3இல் துணிஞ்சு போவினம். டாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிலையத்தின் அறிக்கை மாலை 5 மணிக்கு வரும், குளிர்காலத்தில் காலை 8க்கும் புதுப்பிப்பினம். இலக்கத்தோடு நிற்காமல் எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை முகம் என்றும் வாசியுங்கோ. நடக்கேக்க "வும்ப்" என்று அடியில் அமுங்கின சத்தம், காலிலிருந்து ஓடுற வெடிப்பு, பக்கத்தில் புதுசாகச் சரிந்த தடம், இதில் ஒன்று கண்டாலே திரும்பிறதுதான்.

கல்கிசை:
ஒதுக்கின பாதையை விட்டு வெளியே போறதென்றால் ஆளுக்கொரு பீக்கன் (புதைஞ்சவரைக் கண்டுபிடிக்க, சைகை அனுப்பவும் தேடவும் உடம்பில் கட்டுற கருவி), 240 சென்டிமீற்றர் குத்துக்கோல், உலோகச் சவள். மூன்றில் ஒன்று குறைஞ்சாலும் வேலைக்காகாது. புதைஞ்சவருக்கு முதல் 10, 15 நிமிடம்தான் நல்ல வாய்ப்பு. ஹெலி வரும் வரை காத்திருந்தால் முடிஞ்சுது. எல்லாப் பீக்கனும் 457 கிலோஹேர்ட்ஸ், எந்தக் கம்பனி என்றாலும் ஒன்றையொன்று பிடிக்கும். போன் கிட்ட இருந்தால் குழப்பும்: பீக்கன் சைகை அனுப்பேக்க 20 சென்டிமீற்றர், தேடேக்க 50 தள்ளி வையுங்கோ, இல்லாட்டி நிறுத்துங்கோ.

பழக இங்கே பனி தேவையில்லை. கடற்கரையில் காய்ஞ்ச மணலில் ஒரு பீக்கனைப் பைக்குள் போட்டுப் புதைச்சு மற்றதால் தேடுங்கோ. அலைக்கரை ஈரமணல் வேண்டாம், உப்புத்தண்ணி சைகையை விழுங்கும். அம்புக்குறி காட்டின பக்கம் நடந்து, கடைசி 3 மீற்றரில் கருவியை நிலத்தோடு பிடித்து மெதுவாக இழுங்கோ. அது காட்டுற தூர எண் மிகக் குறைஞ்ச இடத்தில் கோலைக் குத்திறது. கோலில் ஏதும் தட்டுப்பட்டால் கோலை இழுக்காதேங்கோ, அப்படியே விட்டு, சரிவின் கீழ்ப்பக்கமிருந்து தோண்டுங்கோ.