நீலகிரித் தைலத்தை வீட்டில் யாருக்கு, எவ்வளவு பயன்படுத்தலாம்?

மலைக்கோட்டை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். உதகைக்குச் சென்று வந்த உறவினர் ஒருவர் 100 மில்லி நீலகிரித் தைலம் வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். மூட்டுவலியால் சிரமப்படும் என் மாமியாருக்கும், மழைக்காலம் தொடங்கினாலே மூக்கடைத்து இரவெல்லாம் உறக்கமின்றித் தவிக்கும் என் கணவருக்கும் இதைப் பயன்படுத்த எண்ணுகிறேன். இரண்டு வயது நிறையாத என் மகனுக்குச் சளி பிடித்திருக்கிறது. அவன் நெஞ்சிலும் மூக்கின் கீழும் இதைத் தடவலாம் என்றும், சர்க்கரையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைப்பது தம் ஊர் வழக்கம் என்றும் மாமியார் சொல்கிறார். புட்டியில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருப்பதால் தயங்குகிறேன். கலப்படமில்லாத தைலம்தானா என்பதை வீட்டிலேயே அறிய வழி உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

குன்னூர்வாசி:

சகோதரிக்கு வணக்கம். கலப்படம் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் மலையில் கற்பூர மரம் என்றும் தைல மரம் என்றும் அழைக்கப்படும் இந்த யூகலிப்டஸ், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து முக்கியமாக விறகுக்காக வளர்த்த மரமாகும். இதன் இலைகளைப் பெரிய கொப்பரையில் நீருடன் இட்டு மூடிக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிர்ந்த நீருக்குள் செல்லும் குழாயின் வழியே கடத்தினால், அது மீண்டும் நீராகும்போது தைலம் தனியே பிரிந்து மேலே மிதக்கும். அதை வடித்தெடுப்பதுதான் இங்கே பல காலமாக நடந்துவரும் முறை. சமவெளியில் காகிதக் கூழுக்காக வளர்க்கப்படுவது பெரும்பாலும் வேறு இனத்து யூகலிப்டஸ் என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

நல்ல தைலம் நிறமற்றதாகவோ மிக வெளிறிய மஞ்சளாகவோ இருக்கும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் காயவைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கறை தங்கினால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் டர்பன்டைன் போல ஆவியாகும் பொருளைக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் அகப்படாது. ஆகவே தயாரிப்பு உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத புட்டியை உடலில் தடவாமல், தரை துடைக்கும் நீரில் கலந்து தீர்த்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

மருந்தாளுநர்:

அம்மா, உங்கள் தயக்கம் முற்றிலும் சரியானது. சர்க்கரையில் விட்டு நாக்கில் வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள். இந்தத் தைலத்தின் பெரும்பகுதி சினியோல் என்னும் பொருள். அது வயிற்றுக்குள் சென்றால் விரைவில் இரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்கக்கூடியது. சிறு குழந்தை ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக விழுங்கினாலே வாந்தி, மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை வரலாம். ஜெர்மனியில் மூச்சுக்குழாய் அழற்சிக்குச் சினியோல் மாத்திரைகள் விற்கப்படுவதைக் காட்டிச் சிலர் வாதிடுவார்கள். அளவு வரையறுத்து, குடலில் கரையும்படி உறையிட்டுத் தயாரித்த மருந்து வேறு, கடைப் புட்டியிலிருந்து கண்ணளவில் விடும் சொட்டு வேறு.

உங்கள் மகனுக்கு நெஞ்சிலும் வேண்டாம், மூக்கருகே வேண்டவே வேண்டாம். அந்த வயதில் மூக்கின் அருகே இத்தகைய காரமான வாசனை பட்டால் மூச்சுக்குழல் சுருங்கக்கூடும். விரலில் ஒட்டியதை அவன் கண்ணிலோ வாயிலோ வைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. உப்பு நீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விடுவதும், வழக்கமான பாலும் நீரும் கொடுத்துவருவதும் போதுமானவை; மூச்சு வேகமாக இருந்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் வலிப்பு நோய் உள்ளவர் யாரேனும் இருந்தால் அவர் இதை முகர்வதையும் தடவுவதையும் தவிர்க்க வேண்டும். தடவியதாலும் முகர்ந்ததாலும் வலிப்பு வந்த பெரியவர்களைத் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கும் இது இழுப்பைத் தூண்டலாம். குழந்தை தவறுதலாகக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஏனெனில் தைலம் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உடனே 108ஐ அழைத்துப் புட்டியையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

காவிரிக்கரை:

பெரியவர்களுக்கான பயன்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். நான் என் தாயாரின் முழங்காலுக்குத் தொடர்ந்து தேய்த்துவருகிறேன். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 12 சொட்டுக்கு மேல் விடுவதில்லை. கலக்காமல் நேரடியாகத் தடவினால் முதியவர்களின் மெல்லிய தோல் எரிந்து சிவந்துவிடும். முதலில் முன்கையில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நலம். புண், வெட்டுக்காயம் இருக்கும் இடத்தில் தடவக் கூடாது. தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கவும் கூடாது. இது தேய்மானத்தைக் குணப்படுத்தாது. ஆனால் தேய்க்கும்போது உண்டாகும் இதமும் மணமும் வலியின் கடுமையைச் சிறிது நேரம் மறக்கச் செய்கின்றன, அதுவே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

உங்கள் கணவர் வேது பிடிக்கலாம். அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு நிமிடம் கழித்த வெந்நீரில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, கண்களை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் பிடித்தால் போதும். மூக்குத் திறந்துவிட்டது போன்ற உணர்வு உடனே வரும்; உண்மையில் அது மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்புகள் தூண்டப்படுவதால் வருவதே தவிர, வீக்கம் குறைந்ததால் அன்று. எனினும் உறங்குவதற்கு முன் அந்த உணர்வு உதவுகிறது. பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் விபத்துகள் நிறைய நடப்பதால், குழந்தை உறங்கிய பிறகே பிடிக்கச் சொல்லுங்கள். நொச்சித் தழை கிடைக்குமானால் தைலத்துக்குப் பதில் அதையே போட்டு வேது பிடிக்கலாம். எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கும்.

மலைக்கோட்டை வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். பேரனுக்குத் தடவ வேண்டாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார். மீதத் தைலத்தைச் சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் பிரித்து வைக்கலாமா?

மருந்தாளுநர்:

வேண்டாம் அம்மா. தைலம் சிலவகைப் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். மேலும், பெயரில்லாத குப்பியில் இருப்பதை இருமல் மருந்து என்று எண்ணிக் கொடுத்துவிடும் தவறு பல வீடுகளில் நடக்கிறது. வந்த கண்ணாடிப் புட்டியிலேயே, மூடியை இறுக்கி, வெயில் படாத உயரமான அலமாரியில் பூட்டி வையுங்கள். திறந்த தேதியைப் புட்டியில் எழுதி ஒட்டுங்கள். நாள்பட்டுக் காற்றுப் பட்ட தைலம் தோலில் ஒவ்வாமையைக் கூடுதலாக உண்டாக்கும் என்பதால், மணம் மாறிக் கெட்டியாகத் தொடங்கினால் தடவுவதற்கு எடுக்காதீர்கள்.