தேன் பாட்டிலில் நான் செய்த தப்பு, நீங்கள் செய்தது என்ன?

ஆறு மாதம் முன்பு ஒரு கிலோ தேன் வாங்கினேன். கெட்டுப்போய்விடக் கூடாதே என்று நேராக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். சில வாரங்களில் அடியில் வெள்ளையாக, மணல் மணலாகப் படிந்துவிட்டது. கரண்டி இறங்கவே இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், "சர்க்கரைப் பாகு கலந்துட்டாங்க" என்றார்கள். நானும் நம்பி, முக்கால் பாட்டில் தேனைச் சுடுதண்ணீர் விட்டுக் கரைத்துக் கொட்டினேன். இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, உறைவது கலப்படத்துக்கு அடையாளமே இல்லை. தேனில் பெரும்பகுதி ஃபிரக்டோஸும் குளுக்கோஸும்தான். தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அந்தக் கொஞ்சம் தண்ணீரில் அவ்வளவு குளுக்கோஸும் கரைந்தே இருக்க முடியாமல் படிகமாகிறது. குளுக்கோஸ் அதிகமுள்ள பூவின் தேன் என்றால் சீக்கிரமே உறையும். குளிர் அதை இன்னும் முடுக்கிவிடும். 14 டிகிரியை ஒட்டிய குளிரில்தான் வேகம் அதிகம். ஆக, அறையில் வைத்திருந்தாலே போதும். உங்கள் வீட்டில் என்ன நடந்தது, சொல்லுங்கள்.

* * *

கொட்டிவிட்டீர்களே! சரி, என் கதை நேர் எதிர். நான் கொட்டியிருக்க வேண்டியதை வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் தேன் எடுக்கத் தனிக் கரண்டி கிடையாது. கழுவிய ஈரத்தோடு எது கைக்கு வந்ததோ அதுதான். மூடியையும் சும்மா மேலே வைப்போம், திருகுவதில்லை. மழைக்காலம் முடியும்போது மேலே ஒரு அங்குலம் தண்ணியாக நின்றது, ஓரத்தில் நுரை. ஒரு நாள் யாரோ மூடியை இறுக்கிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது 'புஸ்' என்று காற்று வந்தது, கூடவே புளித்த வாடை.

தேன் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாதாரணமாக அதில் 17, 18 சதவீதம் தண்ணீர் இருக்கும். 20 சதவீதத்தைத் தாண்டினால், அதுவரை சும்மா கிடந்த ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். இன்னொன்றும் கவனித்தேன். பாதி உறைந்த தேன்தான் சீக்கிரம் புளிக்கிறது. படிகம் கீழே போக, மேலே மிஞ்சுகிற திரவத்தில் தண்ணீர்ப் பங்கு கூடிவிடுவதுதான் காரணம். அதனால் உறைந்த பாட்டிலை இளக்காமல் மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். 'தேன் கெடவே கெடாது' என்று சொல்பவர்கள் மூடியைப் பற்றிப் பேசுவதில்லை.

* * *

இளக்குவது என்றதும் நினைவு வருகிறது. நான் பாட்டிலோடு கொதிக்கிற தண்ணீரில் நிறுத்தினேன். பிளாஸ்டிக் பாட்டில் ஒரு பக்கமாகச் சுருங்கிச் சாய்ந்தது. உள்ளே தேன் கறுத்து, வாசனை போய், காய்ச்சிய பாகு மாதிரி ஆகிவிட்டது. அதிகச் சூட்டில் தேனின் நொதிகள் அழியும், ஹெச்.எம்.எஃப். என்ற பொருள் கூடும். தேனைச் சூடாக்கினார்களா, ரொம்ப நாள் வைத்திருந்தார்களா என்று ஆய்வகத்தில் பார்ப்பதே அதை வைத்துத்தான்.

இப்போது செய்வது இது. தேன் கண்ணாடி பாட்டிலில்தான் இருக்கிறது. 40 டிகிரியைத் தாண்டாத வெந்நீர், அதாவது கை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. அதில் பாட்டிலைக் கழுத்துவரை நிறுத்தி, ஆறினால் தண்ணீரை மாற்றி, அவ்வப்போது கிளறிவிட்டால் ஒரு மணி நேரத்திலோ இரண்டு மணி நேரத்திலோ இளகிவிடும். அவசரப்பட்டால் என் பாட்டில் கதிதான். மொத்தத்தையும் இளக்காமல், வேண்டிய அளவை மட்டும் சின்ன பாட்டிலுக்கு மாற்றி இளக்குவது உத்தமம். திரும்பத் திரும்பச் சூடு காட்டினால் மணம் போய்விடும்.

* * *

சின்ன விஷயம்: தகர மூடி. தேன் புளிப்புத்தன்மை உள்ளது, பி.ஹெச். 4-ஐ ஒட்டி இருக்கும். மூடியின் உள்பக்கப் பூச்சு உரிந்த இடத்தில் துரு ஏறி, பாட்டில் வாயில் கறுப்பு வளையமே விழுந்துவிட்டது. இப்போது நல்ல மூடியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் வாயைத் துடைத்துவிட்டுத்தான் மூடுகிறேன். எறும்பும் குறைந்தது. முன்பு பாட்டில் அடுப்புக்கு மேலே இருந்த தட்டில் இருந்தது. அங்கே சூடும் ஆவியும். இப்போது வெயில் படாத அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

* * *

தொடங்கியவர்தான் மறுபடியும். எல்லாருக்கும் நன்றி. புது பாட்டில் வாங்கியாயிற்று. உலர்ந்த கரண்டி ஒன்றை நூலால் அதன் கழுத்திலேயே கட்டிவைத்திருக்கிறேன். தங்கை நேற்று எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். நாக்கில் ஒரு சொட்டு தடவலாமா என்று அவள் கேட்டபோது தடுத்துவிட்டேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எவ்வளவு நல்ல தேனும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் அந்தக் குடலில் முளைத்து நஞ்சாகிவிடலாம். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. கொஞ்சம் முகம் சுளித்தாள், பரவாயில்லை. உறைய ஆரம்பித்ததும் மறுபடியும் வந்து எழுதுகிறேன், இந்த முறை கொட்டமாட்டேன்.