'ஊடுருவல்' போதாது: பொசிவு, பொசிநேரம்

வணக்கம்.

ஓட்டை இல்லாத கையுறையின் வழியாகவும் வேதிப்பொருள் மறுபக்கம் போவதை ஆங்கிலத்தில் 'பெர்மியேஷன்' என்கிறார்கள். அதற்கு 'ஊடுருவல்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று கலைச்சொல் பற்றிய இந்தப் பேச்சில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிது தேடுகிறவன் நானும் இல்லை. ஆனால் வேதிப்பொருளிலிருந்து தோலைக் காக்கும் கையுறைகளைப் பற்றி எழுதும்போது 'ஊடுருவல்' நம்மைக் கைவிட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் மூன்று வேறு கேடுகளுக்கு மூன்று சொற்கள் இருக்கின்றன. தமிழில் முதல் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பெனட்ரேஷன் என்பது ஓட்டை வழியாக வருவது. ஊசித்துளையாகவோ கிழிசலாகவோ தையல் விட்ட இடமாகவோ இருக்கலாம். கையுறைக்குள் காற்றை ஊதியோ தண்ணீரை நிரப்பியோ பார்த்தால் தெரிந்துவிடும். பெர்மியேஷன் அப்படியல்ல. ஓட்டையே இல்லாத ரப்பரில் வேதிப்பொருள் மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்து, உள்ளுக்குள்ளேயே நகர்ந்து, தோலை ஒட்டிய பக்கத்தில் வெளிப்படுகிறது. தண்ணீர் நிரப்பிச் சோதித்தால் ஒரு சொட்டுகூட ஒழுகாது. மூன்றாவதான டிகிரடேஷனில் கையுறைப் பொருளே கெட்டுப்போகிறது. உப்பும், விறைக்கும், பிசுபிசுக்கும், வெடிப்பு விழும். இதுவாவது கண்ணுக்குத் தெரியும்.

இப்போது 'ஊடுருவலைத் தடுக்கும்' என்று பெட்டியில் அச்சிட்டால், வாங்கியவர் கையுறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஓட்டை இல்லை, அப்படியானால் கைக்கு ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்டுவார். தவறு அவருடையது அல்ல, நாம் கொடுத்த சொல்லுடையது.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானுக்கு நடந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1996 ஆகஸ்டில் அவருடைய லேடக்ஸ் (இயற்கை ரப்பர்) கையுறையின் மேல் டைமெதில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மம் சில சொட்டுகள் விழுந்தது. கையுறை கிழியவில்லை. சில மாதங்கள் கழித்துத்தான் பாதரச நஞ்சின் அறிகுறிகள் தெரிந்தன. 1997 ஜூனில் இறந்துபோனார். அதே வகைக் கையுறையைப் பின்னால் சோதித்தபோது, அந்தத் திரவம் 15 நொடிக்குள் மறுபக்கம் போய்விடுவது தெரியவந்தது. பாதுகாப்பு விதிகள் தெரிந்தவர், கையுறையும் போட்டிருந்தார். இப்படி நடப்பதற்கென்று தமிழில் தனியாக ஒரு சொல் இருந்தே ஆக வேண்டும்.

என் கையிலும் சின்ன அளவில் பார்த்திருக்கிறேன். மெல்லிய நைட்ரில் (ஒரு செயற்கை ரப்பர்) கையுறை போட்டு, அசிட்டோனில் நனைத்த துணியால் ஒரு தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்நுனியில் கையுறை தளர்ந்து சுருக்கம் விழுந்தது. கழற்றியதும் விரல்களில் அசிட்டோன் வாடை, நகத்தைச் சுற்றித் தோல் வெளுத்து உலர்ந்திருந்தது. கையுறையில் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். ஒழுகவில்லை.

'ஒழுகவில்லை' என்று என்னை அறியாமல்தான் சொன்னேன். ஓட்டைப் பானை ஒழுகும், கூரை ஒழுகும். பெனட்ரேஷனுக்கு ஒழுகல் என்பதே போதும் என்று தோன்றியது அப்போதுதான். டிகிரடேஷனுக்கு நைவு. நைந்த துணியைத் தெரியாதவர் இல்லை. பெர்மியேஷனுக்கு என் பரிந்துரை பொசிவு. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்கிறோமே, அந்த நீர் ஓட்டை வழியாகவா போகிறது? கரை உடையாமல், மண்ணுக்குள்ளேயே பரவி அடுத்த பக்கம் சேர்கிறது. மண்ணில் நுண்துளைகள் உண்டு, ரப்பரில் நடப்பது மூலக்கூறு அளவில் என்பது உண்மைதான். ஆனாலும் உடையாத ஒன்றின் வழியே மெல்ல மறுபக்கம் சேர்வது என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. 'கசிவு' வேண்டாம். வாயுக்கசிவு என்று ஓட்டைக்கே பழகிவிட்டது. 'ஊறல்' நல்ல சொல், ஆனால் ஊறிய பொருள் அங்கேயே தங்கிவிடுவதாகவும் படும்.

அடுத்து 'பிரேக்த்ரூ டைம்', அதாவது கையுறையில் பட்ட வேதிப்பொருள் மறுபக்கம் வந்துவிட்டதாகச் சோதனையில் கணக்கிடும் நேரம். இதற்கு இதே பேச்சில் அம்மா ஒருவர் 'பொசியா நேரம்' என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்கும் பிடித்தது. '30 நிமிடம் பொசியாது' என்று உடனே புரிகிறது. யோசித்துப் பார்த்தபின் பயமாக இருக்கிறது. ஐரோப்பியச் சோதனையில் இந்த நேரம், முதல் மூலக்கூறு மறுபக்கம் வந்த நேரம் அல்ல; ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராம் என்ற வீதத்தைப் பொசிவு எட்டிய நேரம். அமெரிக்க முறையில் அந்த எல்லை 0.1 மைக்ரோகிராம். அதாவது கடிகாரம் நிற்பதற்கு முன்பே கொஞ்சம் பொசிந்திருக்கும். தவிர, ஐரோப்பியச் சோதனை நடப்பது 23 டிகிரி செல்சியஸில். கையின் சூட்டிலும், விரல் மடக்கி நீட்டும் இழுப்பிலும் நேரம் குறையும். 'பொசியா' என்ற சொல் கொடுக்கும் வாக்குறுதியைக் கையுறையால் காப்பாற்ற முடியாது. அதனால் கொதிநிலை, உருகுநிலை போல பொசிநேரம் என்று வைப்போம். பொசிவு நீடிக்கும் நேரம் என்று யாராவது எடுத்துக்கொள்ளலாம் என்ற குறை இதில் உண்டு. ஒரு வரி விளக்கத்தில் அது தீர்ந்துவிடும். பொய் நம்பிக்கை அப்படித் தீராது.

வேதிப்பொருள் காப்புக் கையுறைகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 374-1இல் இந்தச் சொல்லை வைத்துப் பார்த்தேன். 'வகை ஏ: பட்டியலில் உள்ள 6 வேதிப்பொருள்களுக்காவது பொசிநேரம் 30 நிமிடத்துக்குக் குறையாது. வகை பி: 3 வேதிப்பொருள்களுக்கு அதே 30 நிமிடம். வகை சி: ஒன்றுக்காவது 10 நிமிடம்.' இடறாமல் போகிறது. பொசிவு வீதம், பொசிவுச் சோதனை எல்லாம் தாமாகவே அமைகின்றன.

தோல் வேதிப்பொருளை 'உறிஞ்சுவது' பற்றியும் பேச்சு வந்தது. தோல் தானாக இழுத்துக்கொள்வதில்லை, அங்கும் நடப்பது பரவல்தான். ஆனாலும் 'தோல்வழி உறிஞ்சல்' வேரூன்றிவிட்டது, அதை விட்டுவிடுவோம். கையுறைக்குப் பொசிவு, தோலுக்கு உறிஞ்சல் என்று பிரிந்திருப்பதும் வசதிதான்.

இந்த இரண்டு வரியைப் பெட்டியில் போடலாம் என்று நினைக்கிறேன்: 'வேதிப்பொருள் பட்ட நொடியிலிருந்து பொசிநேரத்தை எண்ணவும். மேலே துடைத்துவிட்டாலும் உள்ளே போனது பொசிந்துகொண்டே இருக்கும்.' கையுறை போட்டு வேலை செய்கிற யாராவது ஒருவரிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு என்ன புரிந்தது என்பதை அவர் வாய்ச்சொல்லிலேயே இங்கே எழுதுங்கள்.