பின்பக்கம் மட்டும் கிடைத்த கார்: ஆஸ்டினா, மோரிஸா?

நண்பர்களே, இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஒரு தெருவில் நின்றிருந்த பழைய குடும்பக் கார் இது, முன்பக்கம் சுவரை ஒட்டி இருந்ததால் பின்பக்கம் மட்டும்தான் படத்தில் விழுந்தது. இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரீனா வடிவமைத்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கார் என்பது வரை உறுதி. நம்பர் பிளேட் 'சி' என்று முடிகிறது, அதாவது 1965. சிக்கல் என்னவென்றால், இதே பாடியை ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட், வுல்ஸ்லி, ரைலி, எம்ஜி என்று ஐந்து பெயர்களில் விற்றார்கள், முன்பக்கக் கிரில்லைப் பார்த்தால் சட்டென்று சொல்லிவிடலாம், பின்னாலிருந்து எதை வைத்துப் பிரிப்பது? டிக்கி மூடியில் பெயர் கழன்றுபோய் இரண்டு துளைகள் மட்டும் இருக்கின்றன.

அப்புறம் இன்னொன்று. லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டால் கண்ணாடியிலும் பெயின்டிலும் பளபளப்பு அடங்குகிறது, ஆனால் குரோம் பம்பரில் பலிக்காது, உலோகம் என்பதால். பம்பரில் என் பிம்பம் விழாமல் படம் எடுக்க எந்த நேரம், எந்தக் கோணம் நல்லது?

நம் அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் சீரிஸை நேரில் பார்த்துப் படம் எடுக்க ரொம்ப நாள் ஆசை. இங்கிலாந்தில் எங்காவது கண்டவர்கள் ஊர்ப் பெயரை மட்டுமாவது சொல்லுங்கள்.