எமோலியன்டுக்குத் தமிழ் என்ன? நாளை மறுநாள் அச்சு
(கிழக்கிலங்கையிலிருந்து நால்வர்; பெயருக்குப் பதில் அவரவர் ஊர்)

களுவாஞ்சிக்குடி:
சிறுபிள்ளைகளின் கரப்பன் (எக்ஸிமா) பற்றித் தாய்மாருக்கு ஒரு துண்டுப்பிரசுரம். 'எமோலியன்ட்'டுக்கு, அதாவது வறண்ட தோலை மென்மையாக்கும் பூச்சுக்கு, சொல் வேணும். 'கிறீம்' என்று போட ஏலாது. அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்து டியூப்பும் அவர்களுக்குக் கிறீம்தான். இரண்டும் மாறினால், அள்ளிப் பூச வேண்டியதைக் கிள்ளியும், சிவந்த இடத்துக்கு மட்டுமானதை மேலெல்லாமும் பூசுவார்கள். எமோலியன்ட் வாரத்துக்கு 250 கிராமாவது முடிய வேணும். ஸ்டீரொயிட் பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரைக் கிராம்; பெரியவரின் இரண்டு கையகல இடத்துக்கு அது போதும்.

காரைதீவு:
'தோனெய்'. தோல்+நெய், வேல்+நன்று வேனன்று ஆவதுபோல. நெய் என்றால் பசுநெய் மட்டுமா? எள்+நெய்தானே எண்ணெய். 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரில் இருந்துகொண்டு 'மொயிஸ்சரைசர்' என்றெழுத எனக்குக் கை வராது.

கல்முனை:
சேர், புணர்ச்சி சரி. வாசிக்கிற தாய் 'தேனெய்' என்று எடுத்துத் தேனைப் பூசுவா, இல்லாட்டி வீட்டு நெய்யை. வெடித்த தோலில் உணவுப்பொருள் படப்பட அந்த உணவுக்கே ஒவ்வாமை வரக்கூடும். 'ஈரங்காப்பி' என்று வையுங்கள், செய்கிற வேலையைச் சொல்லுது. இளஞ்சூட்டு நீரில் 5–10 நிமிடம் குளிப்பாட்டி, துவாயால் ஒற்றி, ஈரம் காயமுதல் உரோமம் சாய்ந்த பக்கமாக நீவ வேணும். அழுத்தித் தேய்த்தால் உரோமக்கால் அடைத்துக் கொப்புளம் போடும். ஸ்டீரொயிட்டுக்கும் இதற்கும் 15–30 நிமிட இடைவெளி.

காரைதீவு:
காப்பியா? குடிக்கவா, பிரதி எடுக்கவா?

கல்முனை:
குடிக்கிறது நமக்குக் கோப்பி சேர்.

ஏறாவூர்:
ஈரத்தைக் காக்கும் என்றால் வியர்வையையுமா? வியர்வைதானே கடியைக் கூட்டுறது. மறுகா, பிரசுரத்தில் 'அரிப்பு' என்று ஏன் போட்டீர்கள்? அரிப்பு, கடல் தின்னுகிற ஒலுவில் ஊர்க் கடற்கரைக்கு. பிள்ளைக்கு 'மேல் கடிக்குது' என்றுதான் எந்த உம்மாவும் சொல்லுவா. எந்தச் சொல் வைத்தாலும் 'அக்குவஸ் கிறீம்' அதற்குள் வரக்கூடாது. அதிலுள்ள சோடியம் லோரில் சல்பேட் தோலில் கிடந்தால் எரியும், கழுவ மட்டும்தான். வெள்ளை மென்பரபின் (வசலின் போன்றது) நல்லது, ஆனால் அது ஊறிய உடுப்பு லேசில் தீப்பற்றும். அடுப்படியில் கவனம்.

களுவாஞ்சிக்குடி:
காரைதீவு சேரைத் தவிர எல்லாரும் ஈரங்காப்பி. அப்படியே போடுறேன், முதல் தடவை மட்டும் பக்கத்தில் 'எமோலியன்ட்'. அரிப்பு போய்க் கடி வந்தாச்சு. மஞ்சள் பொருக்கு, சீழ் என்றால் டொக்டரிடம். காய்ச்சலோடு நோகிற, குழி விழுந்த கொப்புளங்கள் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இது பெட்டிச் செய்தி. இனி மாற்ற நேரமில்லை.

காரைதீவு:
என் மறுப்பைப் பதிந்து வையுங்கள்: தோனெய். 'ஸ்டீரொயிட்'டுக்குச் சொல் கேட்டு அடுத்த பதிப்புக்கு வருவீர்கள்தானே.